கேப்டனுக்குப் பின்னால்

மோன்சலாக்
9 மார்ச் 1971

அன்புள்ள தம்பி லெயோன்ஸுக்கு,

இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறையில்லை. ஜெர்மேனுக்கு மட்டும் பனிக்காலத்து இருமல் இன்னும் விடவில்லை. கஷாயம் குடி என்றால் என்னைக் குடிக்கச் சொல்கிறாள். கொலெத்தின் முதுகுவலி தேவலையா? பிறந்த ஊர்க் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளும், உனக்குத்தான் ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு வருடம் முன்பு நீங்கள் வீட்டைக் காலி செய்த அன்றே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் சைக்கிள் சங்கத்தின் இந்த ஆண்டு முதல் சவாரி. நூறு கிலோமீட்டர், முப்பத்தொரு பேர். மேட்டில் சாலையோரம் அங்கங்கே பனி கிடந்தது. வழியில் ஒரு பால் வண்டியைத் தவிர ஒரு வாகனம் இல்லை. ஏற்றம் முடிந்து ஜொசெத் கடை வாசலில் நான் காலை ஊன்றியபோது அவள் சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது. சவாரியின் நேர அட்டையில் என்ன எழுதியிருந்ததோ அதே பத்து நாற்பது. ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டவன் நான், இன்றுவரை எடுக்கவில்லை. சங்கம் விதித்த சராசரி மணிக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர் என்றால் என் காலுக்கே தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் திருந்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஏற்றத்தில் எவனாவது, "கேப்டன், கொஞ்சம் மெதுவாப் போங்க, நாங்களும் மனுஷங்கதான்" என்று கத்துவான். இந்தத் தடவை எனக்குப் பின்னால் பூசை நேரத்து மாதா கோயில் மாதிரி அமைதி. அந்த டீச்சர் மிரேய்கூட வாயைத் திறக்கவில்லை.

ஜூன் பதின்மூன்றாம் தேதி பெரிய சவாரி, இருநூறு கிலோமீட்டர். நான் முன்னால் போகும் இருபத்தைந்தாவது வருடம். பாரிஸ் தலைமைச் சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே ஓட்டிவந்து பார்க்கப் போகிறார். நேரத்தோடு வந்து சேர்ந்தால் முப்பத்தொரு பேருக்கும் சான்றிதழ். தவறினால் ஒருவருக்கும் கிடையாது. தவறாது. நீ இருந்த கடைசி இடத்தில் இப்போது கசாப்புக்கடை பாப்திஸ்தான் வருகிறான். மூச்சு வாங்குகிறான், ஆனாலும் வருகிறான்.

கொலெத்துக்கு எங்கள் அன்பு.

உன் பெரியப்பா மகன்,
ஓகுஸ்தான்

---

பெர்க்
15 மார்ச் 1971

அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் பார்த்து மனம் நிறைந்தது. கொலெத் இப்போது குனிந்து தோட்டத்தில் களை எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். அண்ணியின் இருமலுக்குத் தேனைப் பாலில் கலந்து கொடுக்கச் சொல்கிறாள்.

இங்கே ஏற்றம் என்று பார்த்தால் கால்வாய்ப் பாலம்தான். ஏழு மிதியில் ஏறி ஏழு மிதியில் இறங்கிவிடலாம். மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. நேற்றுக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் போராடிக்கொண்டிருந்தபோது, நடந்து போன கிழவி ஒருத்தி என்னை முந்திப் போனாள். கையில் முட்டைக்கோஸ் வேறு.

இங்கும் ஒரு சங்கம் இருக்கிறது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் தனித்தனியாகப் போய்த் தனித்தனியாக வருகிறார்கள். கேப்டனும் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. இருபது வருடம் கடைசி ஆளாக வந்தவனுக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது பழக்கம்தான். முன்னால் யாரும் இல்லாமல் போவதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

இருபத்தைந்தாவது வருடத்துக்கு இப்போதே வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
லெயோன்ஸ்

---

மோன்சலாக்
24 மார்ச் 1971

மதிப்புக்குரிய லெயோன்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஜலதோஷம் தவிர எனக்கு ஒன்றுமில்லை. நீங்களும் கொலெத் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருடமாகக் கேப்டனின் பின்சக்கரத்தைப் பார்த்தே ஓட்டுகிற மிரேய் எழுதுகிறேன். சங்கத்தில் எல்லோரும் கூடி, எழுதும் வேலையை டீச்சர் தலையில் கட்டிவிட்டார்கள்.

மார்ச் ஏழாம் தேதி நாங்கள் ஜொசெத் கடைக்குப் போய்ச் சேர்ந்தது பத்து நாற்பதுக்கு அல்ல, பதினொன்று ஐந்துக்கு. கீழ் வளைவில் எங்கள் மணிச் சத்தம் கேட்டதும் ஜொசெத் நாற்காலி போட்டு ஏறி முள்ளைப் பின்னால் தள்ளிவிடுகிறாள். கேப்டன் கை கழுவப் போகும்போது மறுபடி ஏறி முன்னால் தள்ளுகிறாள். அவர் திரும்பி வந்து, "என்ன, அதுக்குள்ள கிளம்பணுமா?" என்பார். "பேச்சு சுவாரஸ்யத்துல நேரம் போனதே தெரியல கேப்டன்" என்போம். பாதி ரொட்டியை ஜேபியில் திணித்துக்கொண்டு கிளம்புவோம். இப்படித்தான் ஊர் திரும்பும் நேரத்தைச் சரிக்கட்டுகிறோம். போன வருடமே இது ஆரம்பித்துவிட்டது.

முந்திப் போகலாமே என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குச் சட்டம் தெரியும். கேப்டனை முந்தினால் அட்டையை அங்கேயே கிழித்துவிடுவார்கள். தவிரவும் முந்த எங்களுக்கு மனமில்லை. எனக்கு ஓட்டக் கற்றுத் தராத ஒரே மனிதர் அவர். "பின்னாலயே வா, தானா வரும்" என்று மட்டும் சொன்னார். தானாக வந்தது.

ஆனால் ஜூனில் நான்கு நிறுத்தங்கள், அதில் மூன்று நமக்குத் தெரியாதவர்களுடையது. பாரிஸ்காரர் தன் கடிகாரத்தோடு வருகிறார். அத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டி வந்தால் தாங்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மிரேய் கஸால்

---

பெர்க்
17 ஏப்ரல் 1971

அன்பு அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஈஸ்டருக்குக் கொலெத்தின் அக்கா குடும்பம் வந்திருந்தது, பேனாவைத் தொட நேரம் வாய்க்கவில்லை. அண்ணியின் இருமல் எப்படி?

தோட்டத்தில் பட்டாணி முளைத்திருக்கிறது. புது டயர் வாங்கினேன். எங்கள் மேயர் கால்வாயில் விழுந்து எழுந்தார், காயமில்லை. இன்னும் என்னவோ எழுத நினைத்தேன், மறந்துவிட்டது.

ஆமாம், ஜொசெத் கடைக்கு ஏறுகிற சாலை நினைவுக்கு வந்தது. கீழே பாலத்திலிருந்து மேலே வரை எட்டு கிலோமீட்டர் கற்கள். முப்பத்திரண்டு நிமிடம் என்பது நம் பழைய கணக்கு. ஒரு காலை வேளையில் அண்ணியின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தனியாக ஏறிப் பாருங்களேன். பெரிய சவாரிக்கு முன் ஒரு ஒத்திகை. வேறு காரணம் எதுவும் இல்லை.

தம்பி,
லெயோன்ஸ்

---

மோன்சலாக்
28 ஏப்ரல் 1971

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மேன் இருமல் நின்றுவிட்டது. தேனா கஷாயமா என்று இங்கே வழக்கு நடக்கிறது. நாங்கள் சுகம்.

நீ சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஏறிப் பார்த்தேன். நல்ல வெயில், காற்றில்லை, கால் இரண்டும் பஞ்சு மாதிரி இருந்தது. மேலே போய்ப் பார்த்தால் நாற்பத்து மூன்று நிமிடம். ஜெர்மேனின் கடிகாரம்தான் கிறுக்கு என்று மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அப்புறம்தான் பொறி தட்டியது. இரண்டு வருடம் முன்பு அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள் அல்லவா? அப்போது கற்களைப் பிடுங்கி இஷ்டத்துக்கு நட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டரை எங்கேயோ ஒளித்துவிட்டார்கள் என்பது என் கணக்கு. மாவட்டச் சாலை அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன். இவர்களை எல்லாம் ரயில்வேயில் ஒரு மாதம் வைத்திருந்தால் ஒழுங்காகியிருப்பார்கள்.

ஞாயிறு அன்று நூற்றைம்பது கிலோமீட்டர் சவாரி. ஜொசெத் கடைக்கு மறுபடியும் நிமிடம் பிசகவில்லை. கல் பொய் சொன்னாலும் கால் பொய் சொல்லாது.

உன் மேயரை விசாரித்ததாகச் சொல்.

ஓகுஸ்தான்

---

மோன்சலாக்
8 மே 1971

லெயோன்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

நீங்கள் அவரிடம் விஷயத்தைச் சொல்வீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் அவரைக் கற்களிடம் அனுப்பியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை சாலை அலுவலகத்திலிருந்து ஒரு எஞ்சினியரும் இரண்டு ஆட்களும் அளவுச் சங்கிலியோடு வந்து இறங்கினார்கள். கேப்டனும் கூடவே நடந்து, சங்கிலியின் ஒரு முனையைத் தானே பிடித்து, எட்டு கிலோமீட்டரையும் அளந்தார். எல்லாக் கல்லும் அதனதன் இடத்தில் இருக்கிறது.

"ஏங்க, உங்க ஊர்ல எல்லாருக்கும் இவ்வளவு ஓய்வு கிடைக்குதா?" என்று கேட்டாராம் எஞ்சினியர். கேப்டன் சங்கிலியை ஒழுங்காகச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் கையில் தள்ளிக்கொண்டே இறங்கினாராம். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. பாப்திஸ்தான் இதைச் சொல்லும்போது முதலில் சிரித்தான், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

மிரேய்

---

மோன்சலாக்
20 மே 1971

லெயோன்ஸ்,

சுகம்.

புதன்கிழமை பஸ்ஸில் ஜொசெத் கடைக்குப் போனேன். வானொலியில் பன்னிரண்டு மணி அடித்தபோது அவள் கடிகாரமும் பன்னிரண்டு காட்டியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நிமிஷம் ஜொசெத்?"

"எது எத்தனை நிமிஷம்?"

"எத்தனை நிமிஷம் பின்னால தள்ளுவ?"

"போன வருஷம் பத்து. இந்த வருஷம் இருபத்தஞ்சு." தம்ளரை வைத்துவிட்டு, "இந்த வயசுல நாற்காலி மேல ஏறி இறங்குறேன் கேப்டன். கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

முப்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஜெர்மேனுக்குத் தெரிந்திருக்கிறது. வடக்குக் கோடியில் இருக்கும் உனக்கும் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்தக் கல் யோசனை உனக்கு ஏன் வருகிறது? என் சர்வீஸில் ஒரு வண்டி தாமதமென்றால் நடைமேடையில் நின்று, நானே வாய்விட்டுச் சொல்வேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றி விளையாடியிருக்கிறீர்கள்.

ஜூன் முடியும் வரை எனக்கு எழுத வேண்டாம்.

ஓகுஸ்தான்

---

பெர்க்
25 மே 1971

அன்பு அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். நானும் கொலெத்தும் உடம்பளவில் சுகம்தான்.

மிரேய் மார்ச்சிலேயே எழுதிவிட்டாள். உங்களுக்கு நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது முறை மேயர் கால்வாயில் விழுந்ததை எழுதினேன். எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். மற்றவர்களைக் கோபிக்காதீர்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை, உங்கள் பின்னால் வரத்தான் ஆசைப்பட்டார்கள்.

ஜூன் பதின்மூன்று அன்று காலை ஐந்து மணிக்கு நானும் இங்கே எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

தம்பி,
லெயோன்ஸ்

---

மோன்சலாக்
16 ஜூன் 1971

அன்புள்ள தம்பி லெயோன்ஸுக்கு,

நலமாக இருக்கிறாயா? கொலெத் நலமா? எனக்குத் தொடை இரண்டும் கல்லாகிக் கிடக்கின்றன, மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். ஜெர்மேன் சிரிக்கிறாள். மற்றபடி சுகம். அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு நீ ஒன்றும் எழுதாததால் நானே எழுதுகிறேன். எழுதாதே என்று சொன்னது நான்தான், அது வேறு விஷயம்.

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். முன்னால் நான்தான்.  ஆற்றோரம் மூடுபனி, வைக்கோல் வாசனை, முப்பத்தொரு செயின் சத்தம். பாலத்துக்கு வரும்போதே எட்டு நிமிடம் பின்தங்கிவிட்டோம். ஆமாம், கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். இனிமேல்தான் எட்டு கிலோமீட்டர் ஏற்றம். கையைத் தூக்கிக் காட்டி ஓரமாக நிறுத்தினேன்.

எல்லோரும் நின்றார்கள்.

"போங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"எனக்குச் செயின் சரியில்ல, நீங்க போங்க."

"செயின் நல்லாத்தான் இருக்கு கேப்டன்" என்றாள் மிரேய்.

"போகச் சொல்றேன்ல?"

பின்னாலிருந்து பாப்திஸ்தான் குரல் கொடுத்தான். "கேப்டன் நின்னா எல்லாரும் நிக்கணும். இந்தச் சட்டத்தை எழுதினது யாரு? எங்க அப்பனா எழுதினான்?"

பாரிஸ்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கம் ஆரம்பித்தபோது நான் எழுதின சட்டம், முப்பது பேரையும் நடுரோட்டில் கட்டிப்போட்டு வைத்திருந்தது. நான் கேப்டனாக இருக்கிற வரை அவர்களால் ஓர் அடி நகர முடியாது. கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றினேன். முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். மிரேய் கையில் கட்டினேன்.  

"இங்க நின்னதுல இன்னும் பத்து போச்சு, மொத்தம் பதினெட்டு நிமிஷம் பாக்கி. பிடிச்சிடுவியா?"

"பிடிச்சிடுவேன் கேப்டன்."

"கேப்டன் நீதான். கிளம்பு."

அவர்கள் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் முகங்களை ஓட்டும்போது பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் தனியாக அழுதுகொண்டே வரலாம் என்று நினைத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அழ எங்கே விட்டார்கள்? முதல் வளைவு திரும்புவதற்குள் பாப்திஸ்தான் சட்டைப் பையிலிருந்து உலர்ந்த சாஸேஜை எடுத்தான். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் கத்தி. சீவிச் சீவி நீட்டினான். எனக்கு முன்னால் போன தபால்காரர் ஓட்டிக்கொண்டே பிளம் பணியாரத்தைப் பின்னால் கொடுத்தார். ஒரு தண்ணீர் புட்டி வந்தது, குடித்தேன், தண்ணீர் அல்ல. புது பாதிரியார் உபதேசம் செய்யும் விதத்தை ஒருவர் நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பில் சைக்கிள் ஆடியது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் என்ன கேப்டன்? லெயோன்ஸ் இருந்த காலத்துல பாத்திருக்கணும். வால்நட் கேக் என்ன, பாட்டு என்ன, மேட்டுல வர்ற மாட்டுக்கெல்லாம் அவரு வெச்ச பேரு என்ன."

கேட்டாயா? இருபது வருடம். ஒவ்வொரு சவாரியும் முடிந்து வந்து சேர்ந்ததும் உன்னைக் கேட்பேன், "பின்னால எப்படி இருந்துச்சு?" என்று. நீயும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "காத்து அதிகம்ணா" என்பாய். பாவம், எனக்காகக் கஷ்டப்படுகிறானே என்று உன் பங்குக்கும் சேர்த்து இரக்கப்பட்டிருக்கிறேன். துரோகி.

ஆறாவது கல்லுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. முதுகில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. மண்வெட்டி மாதிரி பாப்திஸ்தானின் கை.

"தள்ளாத. சட்டப்படி தப்பு" என்றேன்.

"தள்ளலியே. மூச்சு வாங்குது, கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

பாரிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு புல்வெளியில் மேய்கிற மாடுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேலே போய்ச் சேரும்வரை மாடுகளையே பார்த்தார்.

ஜொசெத் கடையில் முள்ளை யாரும் தொடவில்லை. பதினேழு நிமிடம் தாமதம். மிரேய் மதியச் சாப்பாட்டைச் சுருக்கி, மேட்டு நிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, மாலை ஊர் எல்லைக்கு இரண்டு நிமிடம் முன்னதாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரி. எல்லைக் கல்லில் நின்று, "கேப்டன், முன்னால வாங்க, ஊருக்குள்ள நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். போகவில்லை. பாப்திஸ்தான் கையில் இன்னும் பாதி சாஸேஜ் மிச்சமிருந்தது. சான்றிதழ் முப்பத்தொன்றும் வந்துவிட்டது.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது, வேறு கோபம் வந்திருக்கிறது. ஒரே சாலையில் இருபது வருடம் ஓட்டியும் நீயும் நானும் ஒரு நாள்கூடப் பக்கத்தில் ஓட்டவில்லை. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வருடக் கடைசி சவாரி. வருகிறாயா?

உன் அண்ணன்,
ஓகுஸ்தான்

---

பெர்க்
21 ஜூன் 1971

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைக் கொலெத்துக்கு வாசித்துக் காட்டினேன். பல்லால் அவிழ்த்த இடத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை, மிச்சத்தை அவள்தான் வாசித்தாள். தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். காற்று அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை. பல வருடம் காற்றே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நேற்று முழுக்க யோசித்தேன். சொல்லியிருந்தால் நீங்களும் பின்னால் வந்திருப்பீர்கள். அப்புறம் வழி பார்க்க, நேரம் பார்க்க யார் இருந்திருப்பார்கள்? வளைவில் என்ன வருகிறது, மணி என்ன, பாதை சரிதானா என்று எங்களில் ஒருவன்கூட ஒரு தடவை தலை தூக்கிப் பார்த்ததில்லை, அண்ணா. நீங்கள் முன்னால் போகிறீர்கள் என்றுதான் சாப்பிட்டோம், பாடினோம்.

செப்டம்பர் பதினொன்று, சனிக்கிழமை மாலை ஆறு பத்து வண்டியில் வந்து இறங்குகிறேன். சைக்கிளும் கூடவே வருகிறது. கேக் கொலெத் செய்கிறாள், இரண்டு பேருக்கு வெட்டிக் கட்டித் தருவாள். மறுநாள் காலை நீங்கள் என் இடது பக்கம் வாருங்கள். எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம், நீங்கள் பேசுவது ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும்.

உங்கள் தம்பி,
லெயோன்ஸ்